கல்வி தேடிச் சென்றோரின் சோற்றுக் கணக்கு

கல்விக்கு வேண்டியவை யாவை என்று வினவினால், நல்லாசிரியர், நன்னூல், இடையறாத முயற்சி என மூன்றனைக் கூறுதல் பெரியோர் மரபு. இம்மூன்றோடு நான்காவதாக ஒன்றும் உண்டு. அதனை எவரும் எடுத்துரைப்பதில்லை. எடுத்துரையாமலே எல்லோரும் அறிவர். அதுதான் சோறு. வீட்டிலிருந்து பயிலும் மாணவனுக்கு அது தாயின் கவலை. ஊர்விட்டு ஊரும், நாடுவிட்டு நாடும் சென்று பயிலும் மாணவனுக்கோ அது தன் கவலை. கல்விக் கட்டணம் தவணைக்கு ஒருமுறை வரும். நூல் வாங்கும் செலவு ஆண்டுக்கு ஒருமுறை வரும். பசியோ நாளுக்கு மூன்று முறை வரும். ஆதலால், வெளியூர் சென்று கற்றவர்களின் வரலாற்றை எழுதப் புகுவோர், அவர்கள் எழுதிய தேர்வுகளைக் கணக்கெடுப்பதோடு அவர்கள் உண்ட சோற்றையும் கணக்கெடுத்தல் வேண்டும். ஒரு சமுதாயத்தில் யார் யார் கற்றார்கள், யார் யார் பாதியில் திரும்பினார்கள் என்பதற்கு அச்சோற்றுக் கணக்கே பல வேளைகளில் விடை கூறும்.

இதனை ஆராய்வதற்கு மட்டக்களப்பு வாவிக்கரையினும் பொருத்தமான இடம் அரிது. வடக்கே ஏறாவூர், செங்கலடிப் பக்கம் தொடங்கித் தெற்கே கல்முனைப் பக்கம் வரை, ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலோடு இணையாகக் கிடக்கின்றது அவ்வாவி. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் நிலம், ஞாயிறு எழும் திசையில் உள்ளமையால் எழுவான்கரை எனப்படும். வாவிக்கு மேற்கே, ஞாயிறு படும் திசையிலுள்ள வயல் நிலம் படுவான்கரை எனப்படும். எழுவான்கரையிலே தென்னையும் மீனும் பள்ளிக்கூடங்களும்; படுவான்கரையிலே நெல்லும் எருமைத் தயிரும். வேளாண்மை என்ற சொல் இப்பகுதி மக்களின் பேச்சு வழக்கில் நெற்பயிர் ஒன்றையே குறிக்கும் என்றால், நெல்லுக்கும் அவர்கள் வாழ்வுக்கும் உள்ள உறவை வேறு சான்று கொண்டு நிறுவ வேண்டுவதில்லை.

இத்தகைய நிலத்திலே பிறந்த பிள்ளை, சோற்றுக்கு விலை உண்டு என்பதை அறியாமலே வளர்கின்றது. நெல் அவணக் கணக்கில் பட்டறைக்குள் வந்து சேரும். அதிலிருந்து கொத்துக் கணக்கில் அடுக்களைக்குச் செல்லும். வாவியில் வீசிய வலை மீனும் இறாலும் தரும். வந்த விருந்தினரை உண்ணாமல் அனுப்புதல் இழுக்கு. இவற்றுள் எதற்கும் நாள்தோறும் காசு எண்ணிக் கொடுப்பதில்லை. அப்பிள்ளை படிப்பின் பொருட்டு வெளியூர் சென்று, ஒரு சாப்பாட்டுக் கடையில் இலையின் முன் அமர்ந்து, உண்டு முடித்தபின் முதன்முறையாகச் சோற்றுக்குக் காசு கொடுக்கின்ற பொழுது, அதன் வாழ்வில் ஒரு புதிய பாடம் தொடங்குகின்றது.

அப்பாடத்தைக் கடினமாக்கும் காரணம் ஒன்றுண்டு. உழவன் வீட்டு வரவு அறுவடையைச் சார்ந்தது. பெரும்போகம் ஒன்று, நீர் வசதி உள்ள இடத்திற் சிறுபோகம் மற்றொன்று. மாணவனின் செலவோ மாதந்தவறாமல், நாள்தவறாமல் நிகழ்வது. மழை பிந்தினாலும் வெள்ளம் வயலை அழித்தாலும் விடுதிக் கணக்கு நிற்பதில்லை. வீட்டிலே நெல் நிறைந்திருக்கும் காலத்திலும் கையிலே காசு இல்லாதிருத்தல் கூடும். நெல்லை விற்றுத்தான் காசாக்க வேண்டும். அறுவடைக் காலத்திலோ எல்லோரும் விற்பதனால் விலை தாழும். ஆண்டுக்கு இருமுறை வரும் வரவைக் கொண்டு நாளுக்கு மும்முறை வரும் செலவைச் சரிக்கட்டுதல்தான் வாவிக்கரைப் பெற்றோர் பலருக்கு நேர்ந்த சிக்கல். போடியார் வீட்டுப் பிள்ளைக்கு அது தொல்லை. வயற்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அதுவே கல்வியின் எல்லை.

இக்காலத்திலே வெளிநாட்டுக் கல்வி என்றால் கடல் கடத்தல் என்று கொள்கின்றோம். முற்காலத்திலே வாவியைக் கடத்தலே ஒரு பயணமாயிருந்தது. மெதடிஸ்த திருச்சபையைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் என்பார் 1814இல் மட்டக்களப்புக்கு வந்து பள்ளிப் பணியைத் தொடங்கினார். இன்றைய மத்திய கல்லூரி அவ்வாண்டினையே தன் தொடக்கமாகக் கொள்கின்றது. புனித மிக்கேல் கல்லூரி 1873இல் தோன்றியது. இப்பள்ளிகள் புளியந்தீவு நகரில் அமைந்தன. படுவான்கரைப் பிள்ளை தோணியேறி வாவியைக் கடந்தாலன்றி அவற்றை அடைதல் இயலாது. நகரையும் கல்லடியையும் இணைக்கும் சீமாட்டி மானிங் பாலம் 1924இலேதான் திறக்கப்பட்டது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் பயன்படுத்தும் மண்முனைப் பாலமோ 2014 வரை காத்திருந்தது. காலையிற் சென்று மாலையில் மீளுதல் எல்லோருக்கும் இயலாத நிலையில், விடுதியில் தங்குதல் அல்லது நகரிலுள்ள உறவினர் வீட்டில் தங்குதல் என்னும் இரண்டே வழிகள் இருந்தன. உறவினர் வீட்டிலே சோற்றுக்குக் காசு வாங்கமாட்டார்கள். ஆனால் அறுவடை முடிந்ததும் ஒரு மூடை அரிசியும் ஒரு சட்டித் தயிரும் அவ்வீட்டுக்குச் செல்லும். காசு கைமாறாத அக்கணக்கிலும் கொடுக்கல் வாங்கல் உண்டு. வெளியூர் மாணவனின் முதல் உணவுத் திட்டம் அதுவே எனலாம்.

இவ்வழியிலே கல்வி தேடி நெடுந்தொலைவு சென்றவர்களுள் தலைசிறந்தவர் காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனனார். பின்னாளில் சுவாமி விபுலாநந்தர் என உலகம் போற்றியவர். கல்முனையில் மெதடிஸ்த பள்ளியிலும், பின்னர் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்று, 1908இல் கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்வில் தேறினார். 1911இல் ஆசிரியப் பயிற்சிக்காகக் கொழும்பு சென்றார். பின்னர் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்று 1916இல் அறிவியற் சான்றிதழ் பெற்றார். அதே ஆண்டிலேயே மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் பண்டிதத் தேர்விலும் தேறினார். மட்டக்களப்புக்குத் தொடர்வண்டி வந்தது 1928இல். அதற்கு முன்னைய காலத்திற் கிழக்குக் கரையிலிருந்து கொழும்புக்குச் செல்லுதல், இன்று கடல்கடந்து செல்லுதலை ஒத்த பயணமாகும்.

மயில்வாகனனார் 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பீ.எஸ்ஸி. பட்டம் பெற்றார்; ஆனால் அதன் பொருட்டு இலண்டனுக்குச் செல்லவில்லை. அப்பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டிலேயே தன் கல்லூரிகளிற் பயிலாதோருக்கும் தேர்வுகளைத் திறந்துவிட்டிருந்தது. இந்த வெளிவாரித் தேர்வு முறையின் பெருமையைப் பேசுவோர், அறிவு எங்கும் பரவ வழி செய்தது என்பர். அது உண்மையே. அதனோடு சேர்த்து மற்றொன்றையும் கூறுதல் வேண்டும். அம்முறை இலண்டன் மாநகரின் சோற்று விலையைக் கொடுக்காமலே இலண்டன் பட்டத்தைப் பெறும் வழியைத் திறந்தது. ஆசிரியத் தொழில் செய்துகொண்டே, உள்நாட்டுச் சோறு உண்டுகொண்டே, நடுத்தரக் குடும்பத்து இளைஞன் ஒருவன் அப்பட்டத்தை எட்ட முடிந்தது. 1921இல் கொழும்பிலே தொடங்கப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியும் இலண்டன் தேர்வுகளுக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது.

உண்மையிலேயே இலண்டனுக்குச் சென்றவர்களின் நிலை எவ்வாறிருந்தது? செல்வக் குடியிற் பிறந்தோரும், புலமைப்பரிசில் பெற்றோருமே பெரும்பாலும் செல்ல முடிந்தது. அவர்களுள்ளும் தம் உணவுக் கணக்கை ஒளிவுமறைவின்றி எழுதிவைத்தவர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. 1888இல் சட்டம் பயில இலண்டன் சென்று 1891இல் திரும்பிய அவர், தம் மாணவ வாழ்வின் வரவு செலவைச் சத்திய சோதனை என்னும் நூலில் விரித்துரைத்துள்ளார். வாவிக்கரைப் பிள்ளைக்கும் அவருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இருவருக்கும் பணம் அனுப்பியது, தன் வசதிக்கு மீறிச் சுமை தாங்கிய ஒரு குடும்பம். காந்திக்கு அச்சுமையைத் தாங்கியவர் அவர் தமையனார்.

தொடக்கத்தில் காந்தி ஒரு குடும்பத்தோடு தங்கி, வாரந்தோறும் உணவுக்கும் உறைவிடத்துக்குமாக ஒரு தொகை கொடுத்து வந்தார். பேருந்துக் கட்டணம், தபால் தலை, செய்தித்தாள் என ஒவ்வொரு காசையும் குறித்து, இரவு படுக்கைக்குச் செல்லுமுன் இருப்பைச் சரிபார்ப்பது அவர் வழக்கம். அவ்வாறு பார்த்தபொழுது ஓர் உண்மை புலப்பட்டது. வீட்டாரை மரியாதைக்காகச் சிற்சில நாள்களில் வெளியே விருந்துக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது; அன்று வண்டிச் சத்தமும் உணவுச் செலவும் அவருடையவை. வெளியே உண்ட நாளிலும், வீட்டில் உண்ணாத உணவுக்காக வாரக் கணக்கில் ஒரு காசும் கழிக்கப்படுவதில்லை. அதாவது, ஒரே வேளை உணவுக்கு அவர் இருமுறை பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வெளியூர் மாணவனின் உணவுக் கணக்கிலே பெரும்பாலும் கவனிக்கப்படாத ஓட்டை இதுதான். கடைச் சாப்பாட்டின் விலை கடைக்காரன் கேட்கும் காசு மட்டுமன்று. விடுதியில் வீணாகும் சோற்றின் விலையும் அதனோடு சேரும். மாதக் கணக்குக் கட்டிவிட்டு நாள்தோறும் கடையில் உண்பவன் இரண்டு அடுப்புக்கு விறகு வாங்குகின்றான்.

காந்தி இதற்குக் கண்ட வழி படிப்படியானது. முதலிற் குடும்பத்தை விட்டுத் தனியாக அறை எடுத்தார். வேலைக்குரிய இடங்களுக்கு நடந்தே செல்லக்கூடிய இடமாக அதைத் தேர்ந்தார். வண்டிச் சத்தம் மிஞ்சியது. நாளுக்கு எட்டுப் பத்து மைல் நடை உடலுக்கு உரம் தந்தது. பின்னர் இரண்டு அறைகளை ஓர் அறையாகக் குறைத்து, ஓர் அடுப்பு வாங்கி, காலை உணவாக ஓட்ஸ் கஞ்சியும் கொக்கோவும் தாமே ஆக்கினார். அதற்கு இருபது நிமிடத்துக்கு மேற் செல்லவில்லை. நண்பகலுணவு கடையில், இரவுணவு மீண்டும் அறையில் ரொட்டியும் கொக்கோவும். இவ்வாறு நாளுக்கு ஒரு சில்லிங்கும் மூன்று பென்சும் கொண்டு அவர் வாழ்ந்தார். இத்திட்டத்தில் அவர் கடைச் சாப்பாட்டை அறவே விலக்கவில்லை என்பது நோக்கத்தக்கது. அடுப்பிலிருந்து தொலைவில் இருக்கும் நண்பகலை அதற்கென ஒதுக்கினார். அடுப்புக்கு அருகிலிருக்கும் காலையையும் இரவையும் தம் கையில் வைத்துக்கொண்டார். வெளியே உண்பதற்கு இடமும் வேளையும் வரையறுத்ததே அவருடைய சிக்கனத்தின் நுட்பம்.

வெளியே உண்பதையே பாடத்திட்டத்தின் பகுதியாகக் கொண்ட படிப்பும் அதுதான். அக்காலத்தில் பாரிஸ்டர் ஆவதற்குத் தேர்வில் தேறுவதோடு, பன்னிரண்டு தவணைகளில் சட்ட மன்றத்து விருந்துகளிற் கலந்துகொள்ளுதலும் வேண்டும். தவணைக்கு ஏறக்குறைய இருபத்துநான்கு விருந்துகள். அவற்றுள் ஆறிலாவது அமர்ந்திருத்தல் வேண்டும். ஆக, எழுபத்திரண்டு விருந்துகளுக்குப் பின்னரே பட்டம். ஒரு விருந்துக்கு இரண்டரை முதல் மூன்றரைச் சில்லிங் வரை செலவு. ஒரு விருந்தின் விலையில் காந்தி தம் அறையில் இரண்டு நாள் வாழ்ந்திருக்கலாம். நான்கு பேருக்கு இரண்டு புட்டி மது வழங்கப்பட்டமையால், மது அருந்தாத காந்தியைத் தம்மோடு சேர்த்துக்கொள்ள மற்ற மாணவர் போட்டியிட்டனர். அவரோ தொடக்கத்தில் ரொட்டி, அவித்த உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு என்பவற்றோடு எழுந்தார். பின்னர் விண்ணப்பித்து மரக்கறி உணவு பெற்றார். கட்டாயச் செலவு ஒன்று உண்டாயின், அதனைத் தவிர்க்க முயலாது, அதற்கெனப் பணத்தை முன்கூட்டியே ஒதுக்கி, மற்றச் செலவைச் சுருக்கிக்கொள்ளுதல் வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இலண்டன் சிலருக்கே எட்டியது. ஈழத்து மாணவர் பலருக்கு வெளிநாடு என்றால் அது தமிழகமாகவே இருந்தது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலும் அதனோடு இணைந்த தொடர்வண்டியும் 1914இல் ஓடத் தொடங்கின. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை அவ்வழி மாணவரை ஏற்றியிறக்கிக்கொண்டிருந்தது. 1950இல் இலங்கை மத்திய வங்கி நிறுவப்படும் வரை இலங்கை ரூபாய் இந்திய ரூபாயோடு சமமதிப்பிற் பிணைக்கப்பட்டிருந்தது. மட்டக்களப்பில் நெல் விற்ற காசு சென்னையிலும் அதே காசாகவே மதிக்கப்பட்டது. நாணய மாற்றிற் காசு தேயாமை, மாணவனின் இலையில் ஒரு கறி கூடுவதற்குச் சமம் என்பதை வெளிநாட்டிற் பயின்ற எவரும் உணர்வர்.

தமிழகத்திலே மாணவர் உணவுக்கு வேறொரு மரபும் இருந்தது. திருவாவடுதுறை போன்ற ஆதீனங்கள் தம்மை நாடி வந்த மாணாக்கருக்கு உணவும் உறைவிடமும் அளித்துத் தமிழை வளர்த்தன. ஏழை அந்தணச் சிறுவர், வாரத்தின் ஏழு நாளும் ஏழு வீடுகளில் முறைவைத்து உண்ணும் வாரச் சாப்பாடு என்னும் வழக்கமும் இருந்தது. இவை உதவின, ஆயினும் இவற்றுக்குச் சாதியும் சார்பும் எல்லையாயிருந்தன. இந்நிலையிலே, சென்னை மயிலையில் 1905இல் இராமகிருஷ்ணானந்தரின் முயற்சியால் தோன்றிய இராமகிருஷ்ணர் மாணவர் இல்லம் ஒரு புதிய வழியைக் காட்டியது. ஏழை மாணவன் பிறர் வீட்டு வாயிலில் நிற்காமல், தன் இல்லம் என்று சொல்லக்கூடிய ஓரிடத்தில், பிற மாணவரோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்டு பயில அவ்வில்லம் வகைசெய்தது.

மயில்வாகனனார் அதே மயிலையிலுள்ள இராமகிருஷ்ண மடத்தை 1922இல் அடைந்து, 1924இல் துறவு பூண்டு விபுலாநந்தரானார். இலங்கைக்கு மீண்டு கல்விப் பணியை மேற்கொண்ட அவர், 1929இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தைத் திறந்தார். அதனோடு மாணவர் இல்லமும் அமைந்தது. அவர் பணியைப் பாராட்டுவோர் யாழ் நூலைப் பாராட்டுவர். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் அவர் ஏற்ற தமிழ்ப் பேராசிரியப் பதவிகளைப் பாராட்டுவர். வாவிக்கரையிலே அவர் மூட்டிய அடுப்பும் அவற்றோடு ஒருங்கு வைத்துப் போற்றத்தக்கது. வகுப்பறை எத்துணைச் சிறந்ததாயினும், உண்ண வழியில்லாத பிள்ளை அதன் வாயிலை அடைவதில்லை. பள்ளியையும் அடுக்களையையும் ஒரே வளவில் அமைத்தமையால், நெல் விற்ற காசு மாதந்தோறும் கையில் இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்கும் கல்வியின் கதவு திறந்தது.

பொது அடுக்களையின் பொருளியல் எளிது. பத்துப் பேர் தனித்தனியே பத்து அடுப்பு மூட்டினால் பத்துப் பேர் நேரமும் செலவாகும். ஓர் அடுப்பில் உலை வைத்தால் விறகும் நேரமும் மிஞ்சும். அரிசியை மூடையாகவும் தேங்காயை நூறாகவும் வாங்கும்பொழுது விலை தாழும். அறுவடைக் காலத்தில் நெல்லாகவே கொடுத்து ஆண்டுக் கணக்கைத் தீர்க்கவும் இயலும். நெல் வரவுக்கும் நாட் செலவுக்கும் இடையிலிருந்த இடைவெளியை நிரப்பும் பாலமாகப் பொது அடுக்களை விளங்கக்கூடும்.

1942ஆம் ஆண்டு இலங்கையின் சோற்று வரலாற்றிலும் கல்வி வரலாற்றிலும் ஒருங்கே குறிக்கத்தக்கது. பர்மா யப்பானியர் கைப்பட்டமையால், இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. ஏப்பிரல் 9ஆம் நாள் ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலிலே யப்பானியரால் மூழ்கடிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அரிசிப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு சூலை 1ஆம் நாள் இலங்கைப் பல்கலைக்கழகமும் பிறந்தது. நாட்டின் முதற் பல்கலைக்கழக மாணவர், பங்கீட்டு அரிசியை உண்டு பட்டம் பெறத் தொடங்கினர். 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. கட்டணம் என்னும் தடை நீங்கியது. சோறு என்னும் செலவு எஞ்சியது.

1952 முதல் பல்கலைக்கழகம் பேராதனைக்குப் பெயர்ந்தது. துணைவேந்தர் ஐவர் யெனிங்ஸ் அதனை மாணவர் தங்கிப் பயிலும் பல்கலைக்கழகமாகவே அமைத்தார். வாவிக்கரையிலிருந்து சென்ற மாணவனுக்கு மலைநாட்டுக் குளிரும் மண்டப உணவும் புதியன. 1953இல் அரசாங்கம் பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது; பள்ளிப் பிள்ளைகளின் இலவச நண்பகலுணவும் நிறுத்தப்பட்டது. ஆகஸ்டு 12ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்தது. ஒக்டோபரில் தலைமையமைச்சர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். அடுக்களையில் தொடங்கிய கணக்கு அரசு மன்றத்தையும் அசைத்தது. 1960களில் மாணவர் தொகை பெருகவே மண்டபங்கள் போதாவாயின. பலர் வெளியே அறை எடுத்துத் தங்கினர். அப்பொழுது கடைச் சாப்பாடு, அவ்வப்போது நாடும் மாறுதலாயிராமல் அன்றாடத் தேவையாயிற்று.

இங்குக் கடைச் சாப்பாட்டைப் பற்றி நடுநிலையோடு சில கூறுதல் தகும். முதியோர் அதனை வீண் என்பர். இளைஞர் அதனை இன்பம் என்பர். இரண்டும் முழு உண்மையல்ல. தேநீர்க் கடை மேசையைச் சுற்றி அமர்ந்து மாணவர் பேசும் பேச்சிலே நட்பு வளர்கின்றது. வேற்று மொழியும் வேற்று ஊர்ப் பழக்கமும் கைவருகின்றன. தேர்வு நெருங்கும் நாளில் கடை ஒன்று சமைக்கும் நேரத்தை மிச்சப்படுத்தித் தருகின்றது. ஆதலால் அது பயனற்றதன்று. ஆயினும், மட்டக்களப்புப் பிள்ளைக்கு அங்கே ஒரு தனிச் சோதனை காத்திருக்கின்றது. விருந்தோம்பலில் வளர்ந்த பிள்ளை, நண்பரோடு உண்டபின் அவரவர் பங்கை அவரவர் கொடுப்பதை நாணத்துக்குரியதாகக் கருதுகின்றது. தானே முந்திக் காசு கொடுக்கின்றது. வீட்டிலே பட்டறை நெல்லைக் கொண்டு செய்த விருந்தோம்பலை, வெளியூரிலே தந்தை அனுப்பிய மாதக் காசைக் கொண்டு செய்கின்றது. மாதக் கடைசியில் அப்பிள்ளை வெறும் தேநீரோடு படுக்கின்றது.

இதற்குப் பழையோர் கண்ட தீர்வு, விருந்தை விடாது அதன் இடத்தை மாற்றுதல். வீட்டிலிருந்து இடித்த மிளகாய்த்தூளும், வறுத்த அரிசிமாவும், கருவாடும் பொட்டலமாகச் செல்லும். அறையிலே பிட்டு அவித்து, கருவாட்டுக் கறி ஆக்கி, நண்பரை அழைத்துப் பகிர்ந்துண்டால், கடையில் இருவர் உண்ணும் காசில் அறையில் ஐவர் உண்ணலாம். விருந்தோம்பலும் நிலைத்தது, காசும் நிலைத்தது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்னும் பழமொழி, போடாதே என்று கூறவில்லை. அளந்து போடு என்றே கூறுகின்றது.

கல்வி தேடி வாவிக்கரையை விட்டுச் சென்றோரின் கதை, பின்னாளில் எதிர்த்திசையிலும் நிகழ்ந்தது. 1981இல் வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. மலைநாட்டிலிருந்தும் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் மாணவர் அங்கு வரலாயினர். 1981இலேயே தொடங்கிய மகாபொல புலமைப்பரிசில், குறைந்த வருவாய்க் குடும்பத்து மாணவருக்கு மாதந்தோறும் ஒரு தொகையை அளித்தது. அறுவடையைச் சாராது மாதந்தோறும் வருவதே அத்தொகையின் சிறப்பு. இப்பொழுது வாவிக்கரை மக்களே அறை கொடுப்போராகவும் சோற்றுப் பொதி விற்போராகவும் விளங்குகின்றனர். மாலை வேளையில் இரும்புத் தகட்டின் மீது தாளத்தோடு கொத்தப்படும் கொத்துரொட்டி, கிழக்கிலங்கையிலே தோன்றியது என்று பலர் கூறுவர். இளையோர் பலர் நண்பரோடு வெளியே உண்பது இன்று பெரும்பாலும் அதனையே.

எனினும் பழைய சிக்கல் மறைந்துவிடவில்லை. 2022இல் இலங்கையைத் தாக்கிய பொருளாதார நெருக்கடியிலே, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி செப்டெம்பர் மாதத்து உணவு விலைகள் முந்திய ஆண்டினும் 94.9 சதவீதம் உயர்ந்திருந்தன. முன்னர் நூறு ரூபாய்க்கு உண்டவன் ஏறக்குறைய இருநூறு ரூபாய் தேட வேண்டியவனானான். புலமைப்பரிசிலோ வீட்டுக் காசோ அவ்வாறு இரட்டிக்கவில்லை. நூல் வாங்குவதைத் தள்ளிப்போடலாம். உடை வாங்குவதைத் தள்ளிப்போடலாம். பசியைத் தள்ளிப்போடும் மாணவனின் கண் ஏட்டில் நில்லாது.

நூறாண்டுகளுக்கு மேற்பட்ட இவ்வரலாறு இரண்டு பொறுப்புகளைப் பிரித்துக் காட்டுகின்றது. வரவை அறிந்து, கட்டாயச் செலவை முதலில் ஒதுக்கி, ஓர் உணவுக்கு இருமுறை காசு கொடாது, வெளியே உண்பதற்கு வேளை வகுத்து, இரவிலே இருப்பைச் சரிபார்த்தல் மாணவனின் பொறுப்பு. இலண்டன் அறையிலே காந்தி செய்தது அதுவே. ஆனால் வரவே இல்லாத பிள்ளைக்குச் சிக்கனத்தைப் போதித்தல், நீரில்லாத குளத்துக்கு அணை கட்டுதலை ஒக்கும். அப்பிள்ளைக்கு வேண்டுவது ஒரு பொதுப் பந்தி. அதனை அமைத்தல் ஊரின் பொறுப்பு, நாட்டின் பொறுப்பு. கல்லடி உப்போடையிலே விபுலாநந்தர் செய்தது அதுவே.

படுவான்கரையில் நெல் இன்றும் விளைகின்றது. வாவிக்கரையினின்று பிள்ளைகள் கொழும்புக்கும் சென்னைக்கும் அவற்றுக்கு அப்பாலுள்ள நாடுகளுக்கும் இன்றும் செல்கின்றனர். அவர்கள் கையிலே அனுப்பும் பொட்டலத்தில் கருவாட்டோடும் மிளகாய்த்தூளோடும் ஒரு சிறு கணக்குப் புத்தகத்தையும் வைத்தனுப்புதல் பெற்றோர் செய்யத்தக்க உதவியாகும். செல்ல வழியில்லாத பிள்ளை எவன் என்று தேடி, அவன் இலைக்குச் சோறிடுதல் மற்றையோர் செய்யத்தக்க உதவியாகும்.